அம்மாள் இருக்கிற வீட்டில் குளிசை

அன்று பின்னேரம் பழுகாமத்தில் சீதேவிப்பிள்ளையின் வீட்டில் கூடியிருந்தவர்களையும் அவரவர் இருந்த இடத்தையும் முதலில் சொல்லிவிட்டால் பிறகு நடந்தது விளங்கும்.

விறாந்தையில் கிடந்த ஒரேயொரு கதிரையில் அவளுடைய தாய்மாமன் வேலாப்போடியார் இருந்தார். அவருக்கு எதிரே, வெள்ளை விரித்த பலகையில், கண்ணகை அம்மன் கோயிலில் பூசை வைக்கிற கப்புகனார். உள்ளறை வாசலில், ஒருவரும் தாண்டிப் போகாதபடி காலை நீட்டிக்கொண்டு தாய் ஆச்சிப்பிள்ளை. அறைக்குள்ளே வேப்பிலை பரப்பிய பாயில் அம்மை கண்டு கொப்புளிப்பான் போட்ட மகளை மடியில் வைத்துக்கொண்டு தங்கை தங்கம்மை. அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. முற்றத்தில், வேப்பிலை போட்ட தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், சீதேவிப்பிள்ளையின் புருஷன் கதிர்காமத்தம்பி. வெல்லாவெளி வட்டையில், வயலில் தங்கியிருந்தவன், அப்போதுதான் வந்திருந்தான். கால் கழுவாமல் படியேறக் கூடாது. அவனுக்குக் கழுவவும் மனமில்லை, ஏறவும் மனமில்லை. வேலிக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி, காத்தான்குடிச் சீலை வியாபாரி சரீப்.

விறாந்தையின் தொங்கலில் சுவரோடு சாய்ந்தபடி சீதேவிப்பிள்ளை. பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும், வாந்தி வந்தால் சத்தியெடுக்க ஒரு சட்டியும்.

எல்லாரும் அவளைப் பற்றிப் பேசத்தான் கூடியிருந்தார்கள். அதனாலோ என்னவோ, அவளோடு ஒருவரும் பேசவில்லை.

படலையில் வேப்பிலை கட்டியதில் இருந்து அந்த வீட்டில் தாளிதம் இல்லை, பொரியல் இல்லை, தலை சீவுதல் இல்லை, அயலுக்கு உப்போ நெருப்போ கொடுப்பது இல்லை. மருந்தும் இல்லை. வந்திருப்பவள் அம்மாள். அவள் வந்த வீட்டில் மருந்தை எடுத்தால் அவளை வெளியே பிடித்துத் தள்ளியதுபோல் ஆகிவிடும். பிள்ளைக்கு மூன்றாம் தண்ணீர் வார்த்து, அவளை மனம் குளிர வைத்து அனுப்பும்வரை வீடு முழுக்க அவள் சொற்படிதான். ஆச்சிப்பிள்ளை வேப்பிலை கட்டின கையோடு வீட்டில் இருந்த மருந்துகளை எல்லாம் பொறுக்கி எடுத்தாள். குழந்தையின் வயிற்றுப் பொடி, தன் முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெய், அவற்றோடு சீதேவிப்பிள்ளையின் மண்ணிறப் போத்தலும். அதற்குள்தான் அந்தச் சின்ன வெள்ளைக் குளிசைகள் இருந்தன.

"அம்மா, அது நிப்பாட்டக் கூடாத குளிசை" என்று சீதேவிப்பிள்ளை அப்போதே சொன்னாள்.

"தண்ணி வாத்தாப்பிறகு போடலாம் மனே. ஓடியா போகப்போகுது?"

அதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை. வாய் திறக்கிறதுக்கு ஒரு தெம்பு வேண்டும். இன்னொரு காரணமும் இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

முந்தின வருஷம் மாரியில் அவளுக்குக் கால் வீங்கியது, பிறகு வயிறு, பிறகு கண்மடல். பரியாரியார் கொடுத்த கசாயத்துக்கு வீக்கம் மசியவில்லை. பட்டினத்து ஆசுப்பத்திரியில் பெரிய டாக்குத்தர் அவள் பெய்த சலத்தைக் காய்ச்சிப் பார்த்து, உடம்பின் சத்தெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது என்றார். குளிசை தொடங்கிய பிறகு வீக்கம் வற்றியது. வற்றிய வேகத்தில் வேறு ஏதேதோ வந்து ஏறின. முகம் வட்டமாக ஊதியது. மேலுதட்டில் பூனைமயிர் முளைத்தது. எங்கே இடிபட்டாலும் தோல் கருநீலமாகக் கன்றியது. சோறு தின்று கை கழுவ முன்னம் மறுபடி பசித்தது. படுத்தால் நித்திரை வராது. கோழி இறக்கை அடிக்கிற சத்தத்துக்கும் அழுகை வந்தது.

கிணற்றடிப் பெண்டுகள் பேசுவது அவள் காதிலும் விழுந்தது. "என்னகா சீதேவி, வருத்தம் வருத்தமெண்டு நல்லாத்தான் கொழுத்துப்போனாய். கதிர்காமத்தம்பி தீன் போடுற விசயத்தில கெட்டிக்காரன்தான்." அவளும் சிரித்துவைப்பாள். நோய்ப்பட்ட வருத்தக்காரி மெலிந்து கிடந்தால் ஊர் இரங்கும். ஊதிக் கிடக்கிறவளுக்கு ஆர் இரங்குவது?

அதனால்தான் தாய் போத்தலைக் கொண்டுபோனபோது அவளுக்குள் ஒரு மூலையில் சந்தோசம் தட்டியது. கொஞ்ச நாளைக்கு இந்த முகம் வற்றட்டுமே என்று. முகம் வற்றவில்லை. கை கால் ஓய்ந்தது. எழும்பினால் கண் இருட்டியது. குடித்த கஞ்சி குடித்தபடியே வெளியே வந்தது. அன்று காலையில் கிணற்றடியில் சத்தியெடுத்து அப்படியே சரிந்து இருந்தவளைக் கண்டவர் சரீப்தான். அவர் சீலை மூட்டையோடு வெல்லாவெளிவரை சைக்கிளை உழக்கிப்போய் கதிர்காமத்தம்பியிடம் சொன்னார். அவன் வருகிற வழியில் மாமாவையும் கப்புகனாரையும் கூப்பிட்டான். அப்படித்தான் இந்தக் கூட்டம் கூடியது.

"எனக்கு ஒண்டுதான் தெரியணும்" என்றான் கதிர்காமத்தம்பி முற்றத்தில் நின்றபடி. "குளிசை குடுக்கிறதா இல்லையா?"

"மெல்லக் கதை மருமகன். அம்மாள் இருக்கிற வீடு" என்றார் வேலாப்போடியார்.

"அவளும் இருக்கிறாள் மாமா இந்த வீட்டில."

வேலியோரத்தில் சரீப் தொண்டையைச் செருமினார்.

"நீ ஏன் இன்னும் நிக்கிறாய் சரீபு? சீலை விக்க வந்தவன் சீலைய வித்துப்போட்டுப் போ" என்றார் வேலாப்போடியார்.

"சீலை உடுக்கிற ஆள் இப்பிடிக் கிடந்தா நான் ஆருக்கு விக்கிற போடியார்? உங்களுக்கா? நீங்க போன வருசம் வாங்கின சாரத்தையே இன்னும் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறீங்க."

கப்புகனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெற்றிலையை மடித்தார். அவர் முகத்திலும் களைப்பு இருந்தது. வைகாசிச் சடங்குக்குக் கோயில் கதவு திறக்கிற காலம். ஊரில் நாலு வீட்டில் வேப்பிலை. ஒரு வீட்டில் இருந்து மறு வீடு, எல்லா வீட்டிலும் கேள்வி.

"கப்புகனார், நீங்க சொல்லுங்க" என்றான் கதிர்காமத்தம்பி. "எங்கட வயலுக்குப் பெரிய வாய்க்காலால தண்ணி வந்துகொண்டு இருக்கு. அதால பழைய ஊத்து தூந்துபோச்சு. இப்ப ஒருத்தர் வந்து பெரிய வாய்க்காலைத் திடீரெண்டு மறிச்சா வயல் என்ன ஆகும்? வெடிச்சுப்போம். மெல்ல மெல்லக் குறைச்சா ஊத்து திரும்பத் திறக்கும். டாக்குத்தர் இவளுக்குச் சொன்னது இதுதான். இந்தக் குளிசையக் குடிக்கிற உடம்பு, தான் ஊறவைக்க வேண்டியதை ஊறவைக்க மறந்துபோம். நிப்பாட்டிறதெண்டா அவர் சொல்லச் சொல்ல, கொஞ்சங்கொஞ்சமா."

"விளங்குது தம்பி. விளங்காமலில்ல." கப்புகனார் வெற்றிலையை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "ஆனா இந்த வீட்டுக்குள்ள மருந்து எடுக்கலாமெண்டு என்ட வாயால சொல்லி, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்டெண்டா? நான் எந்த முகத்தோட கோயில் கதவைத் திறக்கிற?"

"அப்ப இவளுக்கு ஒண்டெண்டா?"

கப்புகனாரின் கண் உள்ளறை வாசலுக்குப் போனது.

ஆச்சிப்பிள்ளைதான் கடைசியில் வாய் திறந்தாள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "என்ட மூத்தவன் இந்த அறைக்குள்ளதான் கிடந்தான். அம்மாள் போட்டு, நெருப்பாக் காய்ஞ்சான். இவளுகளிட அப்பா கேக்கல்ல. எனக்கு ஒளிச்சு மருந்து பருக்கினார். விடியக்கிடையில பிள்ளை இல்ல. மருமகன், நான் ஒண்டும் தெரியாமச் செய்யல்ல. தெரிஞ்சுதான் செஞ்சன். ஒரு பிள்ளையக் குடுத்த ஆள் நான்."

கதிர்காமத்தம்பி தண்ணீர்க் குடத்தைப் பார்த்தான். மருந்தா கொன்றது, காய்ச்சலா கொன்றது என்று அன்றைக்கே ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கு ஆர் சொல்வது?

"அதோட" என்றாள் ஆச்சிப்பிள்ளை, குரலைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொண்டு, "சீதேவிக்கு அம்மாளால பயமில்ல. அவளுக்குச் சின்னனில வந்து போன. ஒருக்காப் போட்டா ரெண்டாந்தரம் போடாது. அதாலதான் நான் தைரியமா இருந்தன்."

சீதேவிப்பிள்ளை சுவரில் இருந்து தலையை எடுத்தாள். டாக்குத்தர் இதைத்தான் அவளிடம் கேட்டார். சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்ததா? அவள் தெரியாது என்றாள். தாயிடம் கேட்டு வா என்றார். அவளும் கேட்டாள், தாயும் ஓமென்றாள். வந்திருந்தால் நல்லது, வந்திராவிட்டால் அந்த வருத்தம் உள்ள வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்றார். இந்தக் குளிசை உடம்பின் காவலை நித்திரையாக்குகிற குளிசை. காவல்காரனே நெற்கதிரை அறுக்கத் தொடங்கியதால்தான் அவனை நித்திரையாக்கினது. அவன் நித்திரை என்றால் வெளியில் இருந்து வருகிற பன்றிக்கும் மறிப்பு இருக்காது. மற்றவர்களுக்கு வந்து ஆறிப்போகிற கொப்புளிப்பான் உனக்கு நெஞ்சுக்குள் இறங்கும் என்றார்.

"அம்மா" என்று அறைக்குள் இருந்து தங்கம்மையின் குரல் வந்தது. "அக்காக்கு எப்ப வந்த?"

"நாம களுவாஞ்சிக்குடியில சின்னம்மா வீட்டில இருக்கக்கொள்ள. முருங்கை மரம் விழுந்த வருசம்."

"அது நான் அம்மா."

"நீ அப்ப கைக்குழந்தைகா."

"இல்லம்மா. என்னை வாழையிலையில வளத்தி வைச்ச, எனக்கு ஞாபகம். அக்காவை மாமா பழுகாமத்துக்குக் கூட்டி வந்துட்டார், தொத்துமெண்டு. என்ட புருவத்தில தழும்பிருக்கு. அக்காட முகத்தப் பாருங்க, எங்க இருக்கு தழும்பு?"

எல்லாரும் சீதேவிப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். கூடியிருந்து இவ்வளவு நேரத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தார்கள். ஊதி, மினுங்கி, பூசணிப்பிஞ்சு போல் இருந்த முகம். அதில் ஒரு வடுவும் இல்லை.

வேலாப்போடியார் கதிரையில் நெளிந்தார். "ஓம் அக்கா" என்றார் ஆச்சிப்பிள்ளையிடம் மெல்ல. "நான்தான் கூட்டி வந்த நான். தோணியில. வழி நெடுகத் தாயைக் கேட்டு அழுதுகொண்டு வந்தாள்."

ஆச்சிப்பிள்ளை நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கைதான் முந்தானைத் தலைப்பைத் தேடிப் பிடித்து, முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கியது.

"அம்மா, போத்தலை எங்க வைச்சிருக்கிறீங்க?" என்று கேட்டாள் சீதேவிப்பிள்ளை.

"எறியல்ல மனே. எறிவனா?" என்றாள் ஆச்சிப்பிள்ளை. "தென்னந்தோட்ட வாடியில. வெயில் படாத பக்கமா, ஓலை உமலுக்குள்ள போட்டுக் கட்டித் தூக்கி வைச்சிருக்கிறன். ஒரு குளிசை குறையாது."

தென்னந்தோட்டம் வேலிக்கு அந்தப் பக்கம். காய் பறிக்கிற நாளில் ஆட்கள் இளைப்பாறக் கட்டிய ஓலைக் கொட்டில்தான் வாடி.

"அப்ப நான் அங்க போறன்."

"அம்மாள் இருக்கிற வீட்டால வெளிக்கிட்டு இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது மகள்" என்றார் வேலாப்போடியார்.

"நான் வீட்டுக்குப் போகல்ல மாமா. வாடிக்குத்தான் போறன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "மருந்து இந்த வீட்டுக்குள்ள வர வேணாம். நான் மருந்து இருக்கிற இடத்துக்குப் போறன். இது அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. அம்மாள் விரும்பின மட்டும் இருந்துட்டுப் போகட்டும். நானும் பிறகு வாறன்."

எல்லாரும் கப்புகனாரைப் பார்த்தார்கள். அவர் இவ்வளவு நேரமும் கையில் வைத்திருந்த வெற்றிலையை வாயில் போட்டார்.

"வாடியில அடுப்பு இருக்கா?"

"இல்ல" என்றான் கதிர்காமத்தம்பி.

"அடுப்பில்லாத இடம் வீடில்ல." அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "வேலிக்கு அங்கால நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல. அம்மாளும் அந்தளவுக்குக் கணக்குப் பாக்கிறவ இல்ல. போ மகள். நான் கும்பிட்டுக்கொள்றன்."

கதிர்காமத்தம்பி காலைக் கழுவிப் படியேறி அவளைத் தூக்கப்போனான். அவள் தூக்க விடவில்லை, தோளை மட்டும் பிடித்துக்கொண்டாள். முற்றத்தைக் கடக்கிறதுக்குள் இரண்டு தரம் நிலத்தில் இருக்க வேண்டியிருந்தது. பின்னால் ஆச்சிப்பிள்ளை கஞ்சிச் சட்டியோடு வந்தாள். வேலியடியில் நின்றுவிட்டாள். மருந்துகளை வாடியில் வைத்துவிட்டு வந்த பிறகு, தண்ணீர் வார்க்கும்வரை படலை தாண்டுவதில்லை என்று நேர்ந்திருந்தாள். சட்டியை வேலிக்கு மேலால் மருமகனிடம் நீட்டி, "உப்புக் குறைச்சுத்தான் போட்டிருக்கிறன். டாக்குத்தர் சொன்னபடி" என்றாள்.

இதைக் கேட்டபோது சீதேவிப்பிள்ளைக்கு அழுகை வந்தது. குளிசை நின்றாலும் அழுகை நிற்கவில்லையே என்று நினைத்தாள்.

வாடிக்குள் உமல் தாய் சொன்னபடியே இருந்தது. போத்தலைச் சுற்றி ஒரு பழைய வெள்ளைத் துணி, அதற்கு மேல் ஒரு வேப்பிலைக் கொத்து. கதிர்காமத்தம்பி கொத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். எறியவில்லை. அவள் பாதிக் கஞ்சியைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடித்தாள். வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கும். பிறகு ஒருநாளைக்குரிய அளவை மட்டும் விழுங்கினாள்.

"விட்டதையும் சேத்துப் போட வேணாமா?" என்று கேட்டான் அவன்.

"விட்டதை ஒண்டாச் சேத்து விழுங்கக் கூடாதெண்டு டாக்குத்தர் சொன்னவர். இனி என்ன செய்யிறதெண்டு அவர்தான் சொல்லணும். கடுதாசி எடுங்க."

"பட்டினத்துக்கே கொண்டுபோவமே இப்ப?"

"போய் எங்க இருக்கிற? அந்த வார்டில என்னைப்போல குளிசை குடிக்கிற ஆக்கள் கிடக்கிறாங்க. கொப்புளிப்பான் வீட்டில இருந்து வாறதெண்டா முதல்ல சொல்லியனுப்பு, தனியா இடம் பாத்து வைக்கிறன் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னவர். நான் போய் அவங்களுக்கு ஒட்டிவிடுறதா?"

விழுங்கினது வெளியே வருமோ என்று இரண்டுபேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. தென்னோலையில் வாவிக் காற்று சரசரத்தது. சரீப் சைக்கிளை வேலியோரமாக உருட்டிக்கொண்டு வாடிக்கு எதிரே வந்து நின்றார். கணக்குக் கொப்பித் தாளையும் பேனையையும் ஓர் உறையையும், வைத்து எழுதச் சீலை சுற்றுகிற பலகை ஒன்றையும் மூட்டையில் இருந்து எடுத்துக் கதிர்காமத்தம்பியிடம் கொடுத்தார்.

எட்டாம் வகுப்புவரை படித்தவள் அவள். அந்தக் குடும்பத்தின் கடிதங்களை எல்லாம் அவள்தான் எழுதுவாள். எதையும் முறையாகத்தான் எழுதுவாள்: முதலில் நடந்தது, பிறகு இருப்பது, கடைசியில் கேட்பது. இன்று எழுத்துக் கோணியது.

பாதி எழுதியபோது வேலியடியில் வேலாப்போடியாரின் குரல் கேட்டது. "மகள், குளிசைய நிப்பாட்டினதெண்டு எழுதாத. டாக்குத்தர் கோவிச்சா இனி மருந்தும் தர மாட்டார். சும்மா தலைச்சுத்து, சத்தி எண்டு மட்டும் எழுது."

"அதை எழுதாட்டி அவர் வேற என்னத்தையோ நினைச்சு வேற மருந்து தருவார் மாமா."

"அக்காவும் பாவம். ஆசுப்பத்திரியில அவட பேர் நாறும்."

வேலிக்கு அந்தப் பக்கம் தாயின் சீலை தெரிந்தது. முகம் தெரியவில்லை. சீதேவிப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுக் கடுதாசிக்குத் திரும்பினாள். பிறகு எழுதினாள். எழுதி முடித்ததும், வேலியடிக்கும் கேட்கட்டும் என்று, இருக்கிற மூச்சைக் கூட்டி வாசித்தாள்.

"கனம் ஐயா அவர்களுக்கு, தங்களிடம் வருத்தம் பார்க்கும் பழுகாமம் சீதேவிப்பிள்ளை எழுதிக்கொள்வது. எங்கள் வீட்டில் தங்கையின் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் கண்டிருக்கிறது. பிள்ளைக்குப் போட்ட நாளில் இருந்து நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். எனக்குச் சிறுவயதில் வந்ததாக முன்பு சொன்னது பிழை. வந்தது தங்கைக்கு. இந்த வருத்தம் வீட்டில் இருக்கும்போது மருந்து எடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. ஆகையால் குளிசையை நிறுத்தி வைத்தோம். முகம் வற்றும் என்று எனக்கும் அதில் விருப்பம் இருந்தது. அதன் பிறகு சத்தி, தலைச்சுற்று, நடக்க இயலாமை. காய்ச்சலும் கொப்புளமும் இதுவரை இல்லை. இன்று பின்னேரம் சாப்பிட்டபின் ஒருநாள் அளவு போட்டேன். அது தங்கியிருக்கிறது. இப்பொழுது வீட்டை விட்டுத் தனியே இருக்கிறேன். இனி எவ்வளவு போட வேண்டும், எப்பொழுது வர வேண்டும், எந்த வழியால் உள்ளே வர வேண்டும் என்று இதைக் கொண்டுவருபவரிடம் சொல்லிவிடவும்."

வேலிக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "விருப்பம் இருந்த எண்டு ஏன் மனே எழுதின?" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"இருந்தது அம்மா."

ஒட்டுவதற்குப் பசை இல்லை. கஞ்சிச் சட்டியின் அடியில் கிடந்த சோற்றுப் பருக்கைகளை விரலால் நசித்து உறையின் வாயில் தேய்த்து அழுத்தினாள். ஒரு பக்கம் எழும்பியது. கதிர்காமத்தம்பி தன் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"தபாலில போட்டா எப்ப போய்ச் சேருமோ தெரியாது" என்றார் சரீப். "நான் பட்டிருப்புப் பாலத்தால போய்க் களுவாஞ்சிக்குடியில பஸ் பிடிச்சா இண்டைக்கே காத்தான்குடிக்குப் போயிடுவன். காலையில டாக்குத்தர்ட கையில குடுத்து, அவர் சொல்றத வாயால வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள்ள வாறன் தங்கச்சி."

"உங்களுக்குக் கொப்புளிப்பான் வந்ததா காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் சீதேவிப்பிள்ளை.

"வந்ததாவா? என்ட முகத்தப் பாருங்க. இந்தத் தழும்பைப் பாத்துத்தான் பொண்டாட்டி என்னை நம்பினவ. இனி ஒருத்தியும் பாக்க மாட்டாள் எண்டு."

சீதேவிப்பிள்ளை சிரித்தாள். சிரித்த களைப்பில் கண்ணை மூடிக்கொண்டாள். கதிர்காமத்தம்பி உறையைத் தூக்கிப் பார்த்தான், ஒட்டியிருந்தது. வேலிக்கு மேலால் நீட்டினான். சரீப் அதைச் சீலை மூட்டைக்குள் வைக்காமல் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தெருவுக்கு ஏற்றினார்.